நான் 'காலி இடம்' என்று எழுதிய ஓடை

2023 டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி எங்கள் ஊர்ப் பெரிய குளம் மறுகால் பாய்ந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி என நான்கு மாவட்டங்களும் தண்ணீரில் கிடந்தன. எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. காயல்பட்டினத்து மழையில் பாதிகூட எங்களுக்குப் பெய்யவில்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு, ஊருக்குத் தெற்கே கடந்த பதினைந்து வருடத்தில் உருவான மூன்று தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. பழைய தெருக்களில் கணுக்கால்கூட நனையவில்லை.

அந்த ஊரில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறவன் நான். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பிளான், எஸ்டிமேட், அப்ரூவல், வங்கிக் கடனுக்கான மதிப்பீடு, எல்லாம் அங்கேதான். தெற்குத் தெருக்களில் இருக்கும் வீடுகளில் பதினொன்று நான் படம் போட்டவை.

விடிந்ததும் போனேன். ஒரு ஆச்சி தன் வீட்டு வாசல்படியில் நின்று, அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். அரிசி ஊறிப் பொங்கி, டிரம்மின் வாயை அடைத்து நின்றது. கையை விட்டு வழித்துப் போட்டார். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "ஏ யய்யா, நீதான இந்த வீட்டுக்குப் படம் போட்டுத் தந்த? தண்ணி இந்த வழியாத்தான் வரும்னு அந்தப் படத்துல தெரியாதா?" என்று கேட்டார். தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்விதான் அது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைக்கு வந்து 2019இல் போட்ட அந்த ஃபைலைத் திறந்தேன். மனைக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும் அல்லவா? வடக்கே தெரு. கிழக்கே இன்னாருடைய மனை. மேற்கே இன்னாருடைய வீடு. தெற்கே 'காலி இடம்'. நானே டைப் செய்தது.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல சின்ன ஊர்களிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது.

வீடு கட்ட வருகிறவர் பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் மூன்றையும் கொண்டுவருவார். எஃப்.எம்.பி. என்பது புலப்படம். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். இப்போது அதை அரசின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸில் போய் நிற்க வேண்டியதில்லை. பெரிய வசதி, மறுக்கவே முடியாது. ஆனால் அந்தத் தாளின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவில் ஒரு புலம், அதன் உட்பிரிவுகள், பக்க அளவுகள். புலத்தின் கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள், அதில் பக்கத்துப் புலங்களின் எண்கள் மட்டும். ஆச்சியின் மனைக்குத் தெற்கே ஒரு எண் இருந்தது. அந்த எண் ஓடை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த எண்ணின் தாளையும், எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டையும் தனியாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டு பிளானுக்கு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தேன். பழைய கிராமக் கணக்கில் அது 'ஓடைப் புறம்போக்கு'. 1990களில் அங்கே வயக்காட்டைப் பிளாட் போட்டு விற்றவர்கள் கொடுத்த லே-அவுட் தாளில் அதே துண்டு '20 அடி வழி'. பேரூராட்சியின் வார்டு வரைபடத்தில் அது 'தெரு'. என் பிளானில் 'காலி இடம்'. ஒரே இடத்துக்கு நாலு தாளில் நாலு பெயர். இந்த நாலு தாளையும் யாரும் ஒரு மேசையில் விரித்துப் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு அளவில், ஆளுக்கொரு அலமாரியில் அவை இருந்தன.

டிஜிட்டல் வரைபடம் என்றால் என்ன, அது சின்ன ஊருக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த நாலு பெயர்களைத்தான் நான் சொல்வேன். நாலு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் படுக்க வைத்து, ஒரே பார்வையில் பார்க்க வழி செய்வதுதான் அதன் முதல் வேலை. ட்ரோனும் முப்பரிமாணப் படமும் அதற்கு அப்புறம்தான்.

கியூஜிஐஎஸ் என்று ஒரு வரைபட மென்பொருள் இருக்கிறது. 2002இல் தொடங்கியது, காசு கொடுக்க வேண்டாம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு அதைக் கற்றுக்கொண்டேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சியும், எங்கள் பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

முதல் வாரமே ஒரு பாடம். ஒரு பயிற்சி ஃபைலில் இருந்த அமைப்பையே எடுத்து வைத்துக்கொண்டு, நாங்கள் ஜி.பி.எஸ்.ஸில் அளந்த புள்ளிகளை ஏற்றினோம். எங்கள் ஊர் இலங்கைக்கும் கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் போய் விழுந்தது. காரணம் இதுதான்: உலகத்தை ஆறு ஆறு டிகிரியாகப் பிரித்து மண்டலங்கள் வைத்திருக்கிறார்கள். 78 டிகிரி தீர்க்கக்கோடு தமிழ்நாட்டுக்கு ஊடாகவே போகிறது. அதற்கு மேற்கே இருக்கும் கோவை, நெல்லை, தென்காசி 43ஆம் மண்டலம். கிழக்கே இருக்கும் மதுரை, திருச்சி, சென்னை 44. அந்தப் பயிற்சி ஃபைல் மதுரைக்காகச் செய்தது. ஒரு எண் மாறினால் ஊர் 650 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. வெளியூர் நிறுவனம் ஒன்று அவசரத்தில் செய்து கொடுத்துவிட்டுப் போகிற வரைபடத்தை ஊரில் ஒருவராவது சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் லிங்க் கணக்கு. பழைய ஸ்கெட்சுகளில் இருக்கும் எண்கள் அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் வயல்களை அளந்தது இந்தச் சங்கிலிதான். வெயிலில் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தவர்கள் நம் ஊர் ஆட்கள்தான். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் அவர்கள் நட்ட கல் இன்னும் இருக்கிறது. மூன்று கிராம எல்லைகள் கூடுகிற இடத்தில் ஒரு கல்லை, வேலிக்கருவையை வெட்டி ஒதுக்கிவிட்டுப் பார்த்தோம். மண்ணுக்குள் முக்கால்வாசி புதைந்து, அசையாமல் நின்றது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனார்.

செல்போன் ஜி.பி.எஸ். வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் தவறும். அதை வைத்துத் தெருவைக் குறிக்கலாம், எல்லையைக் குறிக்க முடியாது. அதனால் ஒரு நாளைக்கு மட்டும் டி.ஜி.பி.எஸ். கருவியை வாடகைக்கு எடுத்தோம். அந்த எல்லைக் கல், குளம் மறுகால் பாயும் கலுங்கின் இரண்டு மூலைகள், கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டின் மூலை, பழைய சத்திரத்துச் சுவர் என்று பழைய தாளிலும் இருந்து இன்றும் அதே இடத்தில் நிற்கிற பன்னிரண்டு புள்ளிகளைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தோம். அவற்றில் பொருத்தித்தான் பழைய தாள்களை ஒவ்வொன்றாகக் கணினியில் படுக்க வைத்தோம்.

ஓடையின் அகலம் பழைய தாளில் 30 லிங்க். அதாவது 20 அடிக்குக் கொஞ்சம் குறைவு. லே-அவுட்டில் '20 அடி வழி' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஓடையையே பாதையாகக் காட்டி மனைகளை விற்றிருக்கிறார்கள்.

இதற்கு அடுத்து நாங்கள் செய்த வேலைதான் எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. வெள்ளம் வடிந்தால் சுவரில் ஒரு செம்மண் கோடு நிற்கும். சுண்ணாம்பு அடிக்கிற வரைக்கும் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் போய்விடும் என்று பயந்து, ஜனவரி முதல் வாரத்திலேயே பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். தரையிலிருந்து கோடு எத்தனை சென்டிமீட்டர், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு. முப்பத்தொரு வீடுகள். பெரும்பாலான வீடுகளில் பெண்கள்தான் நேரத்தைச் சரியாகச் சொன்னார்கள். பாத்திரம் மிதக்கிற சத்தம் கேட்டு முழித்தவர்கள் அவர்கள்தான்.

அந்த முப்பத்தொரு எண்களையும் வரைபடத்தில் ஏற்றி, ஆழம் கூடக் கூட நீலம் கருக்கும்படி நிறம் கொடுத்தேன். பிறகு, அதுவரை மறைத்து வைத்திருந்த பழைய புலப்பட அடுக்கை அதன்மேல் இயக்கினேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும். மிகக் கருத்த நீலம் ஓடைப் புறம்போக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் வளைவுக்கு வளைவு அப்படியே உட்கார்ந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேலான தாள். அதற்கு மேல் சிமெண்ட் ரோடு போட்டு, வீடு கட்டி, பெயர் மாற்றி, எல்லாம் செய்தாயிற்று. தண்ணீர் பழைய வழியிலேயே போயிருக்கிறது. நான் கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஓடை எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? அதற்கு மட்டம் தெரிய வேண்டும். இணையத்தில் இலவசமாக உயரத் தரவு கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைக்கும் ஆற்றுக்கும் அது போதும். ஒரு தெருவுக்கு உதவாது. அதன் பிழையே சில மீட்டர்கள். எங்கள் பிரச்சினையோ ஒன்றரை அடி. சில ஊர்களில் இந்தத் தரவை வைத்தே வடிகால் சாய்வு பார்த்து அழகான வண்ண அறிக்கைகள் தயாரிக்கிறார்கள். அவற்றை நம்பிச் சாக்கடை கட்டினால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும்.

ஆகவே பழைய முறைக்கே திரும்பினோம். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி, ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, கலுங்கிலிருந்து தெற்குத் தெருக்கள் வழியாக ஊர்க்கோடி வரைக்கும் நடந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். கூடவே வந்தவர் எங்கள் குளத்தின் நீர்ப்பாய்ச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடை திறப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் முறை வைப்பது அவர் குடும்பத்து வேலை. இப்போது அந்தப் பாசனத்தில் பாதி வீட்டு மனையாகிவிட்டது. அவர் ஸ்டாஃபைப் பார்க்கவே இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். ஒரு முடுக்கில் நின்று, "தம்பி, இங்கன ஒரு முழம் பள்ளம். முன்ன இந்த இடத்துல மீன் நிக்கும்" என்றார். லெவலில் பார்த்தோம். 42 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இன்னொரு இடத்தில் புதர் மாதிரி இருந்ததைக் கம்பால் விலக்கிக் காட்டினார். ஹியூம் பைப் என்கிற சிமெண்ட் குழாயின் வாய். உள்ளே பாதிக்கு மண்ணும் பிளாஸ்டிக்கும். பைப்பின் விட்டம் இரண்டு அடி. 20 அடி அகலத்து ஓடையின் தண்ணீர் முழுவதும் சிமெண்ட் ரோட்டைத் தாண்டிப் போக விட்டிருந்த வழி அவ்வளவுதான். "இது எந்த வருஷம் போட்டது தாத்தா?" என்று ஒரு பையன் கேட்டான். "ரோடு போட்ட வருஷம். அப்பமே சொன்னேன், பத்தாதுன்னு" என்றார். வானத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அந்தப் பைப் இல்லை. அந்தப் பெரியவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. இப்போது வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டால் விட்டம், அடைப்பு, பார்த்த தேதி மூன்றும் வரும்.

குடிநீர் வால்வுகளும் அதே கதைதான். எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பது தண்ணீர் திறந்துவிடுகிற ஒரே ஒரு அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் கல்யாணத்துக்கு வெளியூர் போனால் இரண்டு வார்டுக்குத் தண்ணீர் வராது. அவரோடு சைக்கிளில் சுற்றி அறுபத்து நாலு வால்வுகளைக் குறித்தோம். ஏழு வால்வுகள் ரோட்டுக்கு அடியில் புதைந்துவிட்டன. இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். தெருவிளக்குக் கம்பம், குப்பை வண்டி போகிற பாதை எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தன. அவற்றில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

வரைபடத்தைக் கணினிக்குள் வைத்திருந்தால் அது நாலு பேருக்குத்தான் தெரியும். ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் அச்சடித்து நூலகத்துச் சுவரில் மாட்டினோம். பக்கத்தில் மார்க்கர் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். தப்பு இருந்தால் நீங்களே திருத்துங்கள் என்று எழுதி வைத்தோம். இரண்டு வாரத்தில் நிறைய வந்தன. அடைத்துவிட்ட கிணறு, மூடிப்போன முடுக்கு, ஊர் பேச்சில் ஒரு பெயரும் போர்டில் வேறு பெயருமாக இருக்கும் தெரு. மூன்றாம் நாள், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து ஒரு அக்கா வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எங்க ரெண்டு தெருவையும் காணோமே" என்றார். உண்மைதான். நாங்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்ட வார்டு வரைபடத்தில் அந்தத் தெருக்கள் இல்லை. வெறும் கட்டம் போட்டுக் 'குடியிருப்பு' என்று இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் கூரைகள் தெளிவாகத் தெரிந்தும் நாங்கள் அதைக் கேள்வி கேட்கவில்லை. மறுநாளே போய், அவர்கள் சொல்லச் சொல்ல, மயானத்துக்குப் போகிற பாதை உட்பட எல்லாவற்றையும் குறித்தோம். அந்தப் பாதையிலும் ஒரு வாய்க்கால் குறுக்கே போகிறது. மழைக்காலத்தில் பாடையை எப்படித் தூக்கிக்கொண்டு போவோம் என்று ஒருவர் நடந்து காட்டினார்.

இப்படி நாமே வரைபடம் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம். 2021 பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்கவும் வெளியிடவும் முன்அனுமதி தேவையில்லை. சிலவகை இடங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. தெருக்கள், பாலங்கள், குளங்கள், வாய்க்கால்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் ஏற்றிவிட்டோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கேரளத்தில் 2018 பெருவெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் இப்படித்தான் ஊர் ஊராக வரைந்தார்கள். அதற்குப் பிறகு அரசே 'மாப்பத்தான் கேரளம்' என்று மக்களை அழைத்து அந்த வேலையைச் செய்தது. ஆனால் பட்டாதாரர் பெயரையும், யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்பதையும் நாங்கள் பொதுவில் ஏற்றவில்லை. அந்த ஃபைல் தனி. அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

ஏனென்றால் வரைபடத்தால் கெடுதலும் வரும். ஓடைப் புறம்போக்கு என்று நிறம் தீட்டிக் காட்டினால் முதலில் யார் பெயர் வரும்? ஓடைக்கரையில் நாற்பது வருடமாகக் குடிசை போட்டிருக்கும் பதினாலு குடும்பங்கள். அதே ஓடையை மேலே வளைத்துச் சுற்றுச்சுவர் கட்டியிருக்கும் இடங்களுக்குக் கையில் பட்டா இருக்கிறது. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பணியின்போது ஏறிய பிழைகள் எத்தனையோ ஊர்களில் இன்னும் தீராமல் இருப்பது நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பட்டா இருக்கிறதா என்று பார்த்தால் குடிசைதான் ஆக்கிரமிப்பாகத் தெரியும். தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. எங்கள் அளவையில், தண்ணீரைத் தடுத்தது குடிசைகள் இல்லை. சுற்றுச்சுவரும் அந்த இரண்டு அடிப் பைப்பும்தான். இதை எண்ணோடு காட்ட முடிந்ததால், அந்தக் குடும்பங்களைப் பற்றிய பேச்சு கூட்டத்தில் எழுந்தபோது எங்களால் தைரியமாக எழுந்து பேச முடிந்தது.

அரசுத் திட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. பேரூராட்சிதான் எண்ணிக்கையில் பெரும்பகுதி. மத்திய அரசின் அம்ருத் 2.0 நகர்ப்புறத் திட்டத்தில், ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறையில் மாஸ்டர் பிளான் தயாரிக்க நிதி ஒதுக்கினார்கள். 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு. எங்கள் ஊரில் அதில் பாதிப் பேர்கூட இல்லை. அம்ருத்தில் வகுத்த வரைபட அளவு 1:4000. மாஸ்டர் பிளானுக்கு அது சரி. ஆனால் அந்த அளவில் எங்கள் 6 மீட்டர் ஓடை தாளில் ஒன்றரை மில்லிமீட்டர். கோட்டின் தடிமனிலேயே அது காணாமல் போகும். 2025 பிப்ரவரி 18ஆம் தேதி தொடங்கிய 'நக்ஷா' திட்டம் எனக்கு நம்பிக்கை தருகிறது. 152 நகர்ப்புற உள்ளாட்சிகளில் வானிலிருந்து படமெடுத்து, களத்தில் சரிபார்த்து, ஒவ்வொரு சொத்தையும் குறிக்கும் முன்னோடி முயற்சி. அது பேரூராட்சி வரைக்கும் வரட்டும். வரும்போது ஊர்க்காரர்களையும் சரிபார்க்கக் கூப்பிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

இதில் அவசரமும் இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். வீடு கட்டுகிறவர்களின் அலைச்சலும் செலவும் குறைந்தது எனக்கு நேரிலேயே தெரியும், நல்ல மாற்றம். ஆனால் முன்பு பெயருக்காவது ஒருவர் மனையை வந்து பார்ப்பார். இனி அந்த மனை ஓடையில் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு விண்ணப்பம் போடும் என்னைப் போன்றவர்கள் தலையில். ஓடை எங்கே என்று காட்டும் வரைபடம் என் எதிரில் இல்லாவிட்டால், நான் மறுபடியும் 'காலி இடம்' என்றுதான் எழுதுவேன். விண்ணப்பத் திரையிலேயே, சர்வே எண்ணைப் போட்டதும் அந்த இடத்தின் பழைய நீர்வழி அடுக்கும் தெரிய வேண்டும். எண் வாரியாகப் புலப்படங்கள் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் பொருத்துகிற வேலைதான் பாக்கி.

எங்கள் பேரூராட்சியில் வரைபடத்தை ஏற்றுக்கொண்டார்களா என்றால், பாதி. வால்வு வரைபடத்தை உடனே வாங்கிக்கொண்டார்கள். பைப் இருந்த இடத்தில் பெட்டிப் பாலம் கட்டத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அகலம் 20 அடி இல்லை, 10 அடி. அதற்காக இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் உழைத்துச் சேர்த்த காசு. தெற்குத் தெருவில், ஆச்சி வீட்டுக்கு மூன்று மனை தள்ளி வாங்கியிருக்கிறார்கள். பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கணினியைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினேன். அவர்கள் மனையின் தென்மூலை ஓடைக்குள் இரண்டரை மீட்டர் போகிறது. அந்த அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. அந்த அக்கா மட்டும் திரைக்குக் கிட்டே குனிந்து, நீலத்தின்மேல் விரலை வைத்து, "இதை விட்டுட்டுக் கட்டினா எத்தனை ரூம் வரும்?" என்று கேட்டார்.

ஸ்கேலை எடுத்தேன். ஓடைக்கு விட்டது போக, தரைமட்டத்தைச் செம்மண் கோட்டுக்கு ஒரு அடி மேலே வைத்து, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மாடியில் இன்னொரு அறை பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். தெற்கு எல்லையில் 'ஓடை, 30 லிங்க்' என்று எழுதினேன். அவர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் காட்டினார்.